மூன்று நாடுகளின் அணித்தலைவர்

கிரிக்கெட் ஆட்டத்திலே மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை வகித்த தமிழர் ஒருவர் கொழும்பிலே வாழ்ந்தார். ஆயினும், உத்தியோகபூர்வமான டெஸ்ட் போட்டி ஒன்றிலேனும் ஆடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அவர்தாம் மகாதேவா சதாசிவம்.

1915ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பிறந்த சதாசிவம் வெஸ்லிக் கல்லூரியில் பயின்று, பின்னர் தமிழ் யூனியன் கழகத்திலே ஆடலானார். பந்து தம்மைக் கடந்து போய்விட்டதென்று காண்போர் எண்ணும் தறுவாயில், மணிக்கட்டை இலேசாகத் திருப்பி அதனைப் பின்புறமாகத் தட்டிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. பலத்தால் அடிப்பவர் பலர் உண்டு. காலமறிந்து தொடுபவர் சிலரே.

அந்நாளில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லை. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் கப்பல் கொழும்பிலே தரித்து நிற்கும் வேளையில், அதில் வரும் வீரர்கள் கரையிறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போவார்கள். அதுவே நம்மவர்க்குப் பெருவிழா. 1948 மார்ச்சில் பிராட்மனின் அணி அவ்வாறே வந்தது. ஓவல் மைதானத்தில் அதனை எதிர்த்த இலங்கை அணிக்குச் சதாசிவமே தலைவர். பிராட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். ஆடுகளம் இருக்கவேண்டிய 22 யார் நீளத்தினும் குறைந்திருந்ததாம்! விருந்தினரை அழைத்துவிட்டு இலையைச் சிறிதாகப் போட்ட கதைதான்.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1947இல், சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக அவர் 215 ஓட்டங்கள் குவித்திருந்தார். 1950இல் ஓவலிலே கொமன்வெல்த் அணிக்கெதிராக 96 ஓட்டங்கள் பெற்றார். இரண்டாவதையே உயர்ந்ததாகச் சொல்வோர் உளர். எண்ணிக்கையை மட்டும் பாராதவர்கள் அவர்கள்.

1951 அக்டோபர் 9ஆம் நாள், வெள்ளவத்தையை அடுத்த பம்பலப்பிட்டியில் அவருடைய மனைவி தம் இல்லத்திலே கொலையுண்டு கிடந்தார். குற்றம் கணவர்மீது சுமத்தப்பட்டது. ஆட்டக்காரர் விளக்கமறியற் கைதியானார். நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் நடந்த விசாரணையில் கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். மரண நேரத்தைப் பற்றிச் சாட்சியம் கூற எடின்பரோவிலிருந்து பேராசிரியர் சிட்னி சிமித் வரவழைக்கப்பட்டார். 1953 ஜூன் 25ஆம் நாள் ஜூரிமார் ஒருமனதாக அவரை நிரபராதியென்றனர். அக்கொலைக்காக வேறெவரும் தண்டனை பெற்றதுமில்லை. சதாவின் ஆட்டத்தைப் போற்றி எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். மாண்ட பெண்ணுக்கு அது நியாயமன்று.

விடுதலையான பின்னர் சதாசிவம் கடல் கடந்தார். ஊர் ஊராய்ச் சென்று தொழில் புரியும் கைவினைஞனைப் போன்று மட்டையோடு போனவரைச் சிங்கப்பூர் தன் அணிக்குத் தலைவராக்கிற்று. பின்னர் மலாயாவும் அவ்வாறே செய்தது. இளமையின் வேகம் குறைந்திருந்தாலும் மணிக்கட்டின் நயம் குறையவில்லை.

1977 ஜூலை 9ஆம் நாள் அவர் காலமானார். இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரி 17ஆம் நாள், இங்கிலாந்துக்கெதிராக, அதே ஓவல் மைதானத்தில் ஆரம்பமாயிற்று. மைதானத்தின் பெயர் அதற்குள் சரவணமுத்து அரங்கு என மாறியிருந்தது.