மரியா மாண்டிஸோரி அம்மையார் சரிதம்

பாலாற்றங்கரையிலுள்ள நம் ஊர்களில் பொழுது புலர்ந்ததும் காணும் காட்சியை நம் அன்பர்கள் யாவரும் அறிவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய இடங்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளையும் பாதரட்சைத் தொழிற்சாலைகளையும் நாடிச் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் திரள்திரளாக வருகின்றனர். பாதரட்சையின் மேற்பாகத்தைத் தைக்கும் இயந்திரங்களின்முன் அமர்வோருள் பெண்மக்களே மிகுதி. அவர்கள் சோற்றுப் பாத்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வாயிற்படி இறங்கும் வேளையில், வீட்டிலுள்ள மூன்று வயதுக் குழந்தையின் கதி யாது? பாட்டி இருந்தால் பாட்டியின் மடி. இல்லையேல் அக்காளின் இடுப்பு. அக்காளும் பள்ளிக்குச் சென்றுவிட்டால் அண்டை வீட்டுத் திண்ணை. தாயும் தந்தையும் தொழிலுக்குச் சென்றபின் அக்குழந்தையை யார் வளர்ப்பது?

இதே வினா 1907ஆம் ஆண்டில் ரோமாபுரியில், கூலிவேலை செய்வோர் வாழ்ந்த ஒரு பேட்டையில் எழுந்தது. அதற்கு விடை கண்டவர் மரியா மாண்டிஸோரி அம்மையார். அவர் பள்ளி ஆசிரியையாகத் தொழில் தொடங்கியவர் அல்லர். வைத்தியப் பட்டம் பெற்றவர். நம் இல்லங்களில் மகனுக்கோ மகளுக்கோ உத்தியோகம் தேடும்போது வைத்தியம், எஞ்சினீயரிங், கணக்கு என்று அடுக்குகின்றோம். சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதை வேறு வேலை கிட்டாதவர் செய்வது என்று தள்ளிவிடுகின்றோம். வைத்தியர் என்னும் பெருமையைத் துறந்து அவ்வேலையைத் தேடி வந்த ஒருவரின் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிதல் நன்றென்று கருதி, இதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாரவால்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் ரெனில்டே நூற்பயிற்சி மிக்கவர். தம் ஒரே மகள் கற்க விரும்பியதையெல்லாம் கற்கட்டும் என்று துணைநின்றவர். 1875இல் குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மரியா, ஆண்பிள்ளைகளே பெரும்பாலும் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து எஞ்சினீயராக எண்ணினார். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றி வைத்தியம் பயில உறுதிகொண்டார். தந்தையார்க்கு இதில் மனம் இல்லை.

வைத்தியக் கல்லூரியில் அவர் பட்ட இடுக்கண் சிறிதன்று. உயிர் நீங்கிய உடலை ஆண்மாணாக்கர் சூழ ஒரு பெண் அறுத்து ஆராய்தல் தகாது என்று கருதப்பட்டமையால், எல்லோரும் சென்றபின் மாலைப்பொழுதில் தனியே அவ்வறையில் நின்று அவர் பயில வேண்டியதாயிற்று. அச்சத்தையும் அருவருப்பையும் அடக்கி, 1896இல் பட்டம் பெற்றார். அந்நாளில் இத்தாலியில் வைத்தியப் பட்டம் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் நடந்த மாதர் மகாநாட்டிற்குத் தம் நாட்டின் பிரதிநிதியாகச் சென்று, ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தருதல் வேண்டும் என வாதித்தார்.

பின்பு ரோமாபுரிச் சர்வகலாசாலையின் மனநோய்ப் பிரிவில் பணிசெய்தபோது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பித்தருடன் ஒரே விடுதியில் அடைக்கப்பட்டிருத்தலைக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். பிறர் அதனைப் பெருந்தீனி ஆசை என்று இகழ்ந்தனர். அவ்வறையில் கையால் எடுத்து விளையாட ஒரு பொருளும் இல்லாமையை அம்மையார் கவனித்தார். பசித்திருப்பது வயிறன்று, கைகளும் அறிவுமே என உணர்ந்தார். இதார், ஸெகேன் என்னும் பிரெஞ்சு அறிஞர்களின் நூல்களைக் கற்று, அவர்கள் வழியில் குழந்தைகளின் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்வித்தார். 1900இல் இத்தகைய குழந்தைகளுக்கென ஏற்பட்ட பள்ளிக்குத் தலைவர் இருவருள் ஒருவரானார். அவரிடம் பயின்றவருட் சிலர் பொதுப் பள்ளிப் பரீட்சையிலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணினார்: குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு எய்துவாராயின், குறையற்ற பிள்ளைகளை அவ்வளவில் நிறுத்திவைப்பது எது?

மறைத்து வைத்த துயரம்

அப்பள்ளியின் மற்றொரு தலைவரான மாண்டெஸானோ என்னும் வைத்தியரிடம் அம்மையார்க்கு அன்பு உண்டாயிற்று. 1898இல் மாரியோ என்னும் ஆண்மகவு பிறந்தது, திருமணம் நிகழவில்லை. அக்காலத்து வழக்கில் இச்செய்தி வெளிப்படின் அவர் தொழிலும் பெயரும் அன்றே அழிந்திருக்கும். ஆதலின் குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளருமாறு அனுப்பப்பட்டது. தாய் இடையிடையே சென்று பார்த்து வந்தார். தாயார் ரெனில்டே 1912இல் காலமானபின்னரே, ஏறத்தாழ 15 வயதான மகன் தாயுடன் வாழ வந்தான். அப்பொழுதும் நெடுங்காலம் அவனை உறவுப் பிள்ளை என்றே உலகம் அறிந்தது.

இதனை நாம் மறைக்க விரும்பவில்லை. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாய் எனப் போற்றப்பட்டவர், தம் குழந்தையின் மழலையை நாள்தோறும் கேட்கும் பேறு பெற்றிலர். பிழைப்பின்பொருட்டுப் பச்சிளங்குழந்தையைப் பிறர் கையில் விட்டுச் செல்லும் தாயின் நெஞ்சு எத்தகையது என்பதை அவர் நூலிற் கற்றறிய வேண்டியதில்லை.

ஸான் லொரென்ஸோ

ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ என்னும் பகுதி வறியவர் வாழ்ந்த இடம். அங்குள்ள பெரிய குடியிருப்புக்களைப் பழுதுபார்த்துத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்ட ஒரு கம்பெனியார்க்கு ஒரு தொல்லை நேர்ந்தது. தாய்தந்தையர் வேலைக்குச் சென்றதும், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து புதிய சுவர்களைக் கீறி அழுக்காக்கினர். சுவரைத் திரும்பத் திரும்ப வெள்ளையடிப்பதைக் காட்டிலும் பிள்ளைகளை ஓரறையில் வைத்துப் பார்ப்பது செலவு குறைவு எனக் கம்பெனியார் கணக்கிட்டனர். அவ்வேலையை ஏற்குமாறு அம்மையாரைக் கேட்டனர். வைத்தியருக்கு இது தகுமோ என ஐயுற்றாரும் உண்டு. அவரோ உவந்து ஏற்றார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது.

ஏறத்தாழ 50 குழந்தைகள் வந்தனர். அழுகை ஓயாதவர் சிலர். வாய் திறவாதவர் சிலர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். அம்மையார் குழந்தையின் உயரத்திற்கேற்ற நாற்காலியும் மேசையும் செய்வித்தார். குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளை அமைத்தார். குழியில் பொருத்தும் மரத்துண்டுகள், அடுக்கும் கனசதுரங்கள், விரலால் தடவி அறியும் உப்புத்தாள் எழுத்துக்கள் ஆகியவற்றை அளித்தார். அளித்தபின், தாம் ஒதுங்கி நின்று பார்த்தார். இவ்வொதுங்கி நிற்றலே அவர் கண்ட புதுமை.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத்துண்டுகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். பிற குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தும் அவள் திரும்பவில்லை. அமர்ந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும் வேலையை விடவில்லை. நாற்பது முறைக்குமேல் செய்து முடித்து, உறங்கி எழுந்தவள்போல் முகம் மலர்ந்தாள். குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்று நாம் சொல்வது எவ்வளவு பிழை என்பதை அச்சிறுமி காட்டினாள்.

மற்றொரு நாள், கைக்குட்டையால் மூக்கை ஓசையின்றித் துடைப்பது எப்படி என்று அம்மையார் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பர் என எதிர்பார்த்தவர்க்கு அவர்கள் கைதட்டி ஆரவாரித்தது வியப்பளித்தது. மூக்கு ஒழுகுகின்றது என்று நாள்தோறும் ஏசப்பட்டவர்கள் அவர்கள். ஏசாமல் கற்றுக்கொடுத்தவர் அதுகாறும் ஒருவரும் இலர். ஏழைப் பிள்ளைக்கும் மானம் உண்டு என்பதை அம்மையார் அன்று அறிந்தார். வேறொரு நாள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் தானே ஒரு சொல்லை எழுதிவிட்டு, எழுதிவிட்டேன் என்று கூவினான், பிறரும் எழுதலாயினர். அவர்களுக்கு எழுத்தை வற்புறுத்திப் புகட்டினார் இல்லை.

தாய்மார்க்கும் கடமை வகுக்கப்பட்டது. குழந்தையைக் குளிப்பாட்டித் தூய உடையில் அனுப்புதல் வேண்டும். வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையுடன் கலந்து பேசுதல் வேண்டும். குழந்தைகள் இல்லம் தாய்க்கு மாற்றாக அன்றித் தாய்க்குத் துணையாகவே நின்றது.

புகழும் போராட்டமும்

1909இல் அம்மையார் தம் முறையை நூலாக வெளியிட்டார்; அது பல மொழிகளில் பெயர்க்கப்பெற்றது. சிறிது காலத்தில் வைத்தியத் தொழிலை முற்றும் விட்டு, இதற்கே தம்மை ஒப்புவித்தார். 1913இல் அமெரிக்கா சென்றார். பின்னர் ஸ்பெயின், இங்கிலாந்து முதலிய நாடுகளில் ஆசிரியர்களைப் பயிற்றினார். இத்தாலியில் முஸ்ஸோலினியின் அரசு 1924 முதல் அவர் பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றார். பிள்ளைகளை அரசின் படைக்கு ஆயத்தம் செய்யும் நோக்கம் தலையெடுத்தபோது இணக்கம் முறிந்தது. 1934ஆம் ஆண்டளவில் அப்பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூளவே, அங்கிருந்தும் நீங்கி ஒல்லாந்து தேசத்தில் தங்கினார். 1937இல் கோப்பன்ஹேகன் நகர மகாநாட்டில், சமாதானம் குழந்தைக் கல்வியிலிருந்தே தோன்றவேண்டும் என்பதை வற்புறுத்தினார். குழந்தைக்காக வழக்காடுவாரும் உலகிற்கு வேண்டும் என்பது அவர் துணிபு.

அடையாற்று வாசம்

1939ஆம் ஆண்டின் இறுதியில், அருண்டேல் அவர்களும் ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயதான அம்மையார் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குத் திரண்டனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புக்கள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார்.

சில மாதங்களே தங்க வந்தவரைப் போர் தடுத்து நிறுத்தியது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும், பகைநாட்டார் என்னும் காரணத்தால் மாரியோ அஹமத்நகர்ச் சிறைமுகாமிற்கு அனுப்பப்பட்டார். அம்மையார் விரும்பியவாறு செல்ல இயலாதவாறு கட்டுப்படுத்தப்பட்டார். இளமையில் பிரிந்த மகனை முதுமையில் மீண்டும் பிரிய நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், தாயின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டு, வைஸ்ராய் மாரியோவை விடுதலை செய்தார். உறவுப் பிள்ளையென வழங்கப்பட்டவர் மகன் எனவே குறிக்கப்பட்டுத் திரும்பினார்.

1942 முதல் ஈராண்டு கொடைக்கானலில் தங்கி, பிறந்த குழந்தை முதல் வளர்ந்த பிள்ளை வரை பல வயதினரை ஆராய்ந்தார். 1946இல் ஐரோப்பா சென்று, 1947இல் மீண்டும் வந்து 1949 வரை இருந்தார். இந்தியாவில் அவரிடம் பயின்றோர் ஆயிரவர்க்கு மேலாவர். முதல் ஆறாண்டில் குழந்தையின் மனம் சூழலையெல்லாம் தானே உட்கொள்ளும் தன்மையை விளக்கும் அவர் நூல் 1949இல் சென்னையிலேயே அச்சாயிற்று. அம்மையார் 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஒல்லாந்தில் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார்.

நமக்கு உரியது

அம்மையாரின் முறை இன்று பல நகரங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகுந்த கட்டணத்தில் விற்கப்படுகின்றது. அது தோன்றியதோ கூலிக்காரர் குடியிருப்பில் என்பதை நாம் மறத்தலாகாது. கூர்ஜரத்தில் கிஜுபாய் பதேகா 1920இல் பாவநகரில் பாலமந்திரம் கண்டார். அவருடன் உழைத்த தாராபாய் மோடக் அம்மையார் பின்னர் மலைவாழ் மக்களின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்றார். அவர் கையாண்ட அங்கன்வாடி என்னும் பெயரே, 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின் வாயிலாக நம் தெருக்கள்தோறும் வழங்குகின்றது.

எனினும் குறைகள் உள. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ளார்க்கே உரிமை அளித்தது. ஆறு வயதிற்குட்பட்டார்க்கு அரசு முயலவேண்டும் என்றளவில் அரசியலமைப்பு நிற்கின்றது. பெண்கள் பலர் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைக் காப்பறை இருத்தல் வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. அவ்வறையில் அறிந்து நடத்துவார் ஒருவர் அமர்தல் வேண்டும். அங்கன்வாடியில் உழைக்கும் பெண்டிர்க்கோ சம்பளம் என்னாது மதிப்பூதியம் என்றே வழங்குகின்றனர். பெயரில் உள்ள மதிப்பு தொகையில் இல்லை.

ஆகவே நம் இளைஞர்க்கும் நங்கையர்க்கும் இத்துறையில் வழிகள் பல உள என்று எடுத்துரைக்கின்றோம். மழலையர் பள்ளி ஆசிரியப் பயிற்சி ஒன்று. ஆலைகளின் காப்பறைகளை நடத்துதல் ஒன்று. பேச்சும் செவியும் அறிவும் குறைந்த குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தனிப்பயிற்சி ஒன்று. சட்டம் பயின்று, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் அமைந்த குழந்தைகள் நலக் குழுக்களின்முன் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகப் பரிந்து நிற்றல் ஒன்று. ஊதியம் மிகுதி என்று நாம் பொய்யுரையோம். ஊரார் மதிப்பு உயர்ந்தாலன்றி ஊதியம் உயராது. அம்மதிப்பை அளிக்க வேண்டியவர் நாமே. மகள் மழலையர்க்குக் கற்பிக்கப் போகின்றாள் என்பதை உறவினர்முன் தாழ்ந்த குரலில் சொல்லும் வழக்கம் நம் வீடுகளினின்று ஒழிதல் வேண்டும்.

ஐந்தில் வளைக்க வேண்டும் என்னும் பழமொழியைக் காட்டிப் பிரம்பெடுப்பார் நம்முள் இன்றும் உண்டு. அம்மையார் ஒரு குழந்தையையும் வளைத்தாரல்லர். அது தானே நிமிரும் வகையில் இடமும் பொருளும் தந்து, ஒதுங்கி நின்றார். நாளைக் காலையில் தாய் தொழிலுக்குப் புறப்பட்டதும் திண்ணையில் விடப்படும் குழந்தைக்கு அத்தகைய ஓர் இடம் நம் ஊரில் உண்டா என்று நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் சென்று பார்ப்பாராக. இல்லையேல், அதனை உண்டாக்கும் ஒருவர் நம் குடும்பங்களிலிருந்தே தோன்றுவாராக.