ஆண்டாள்

ஆண்டாள் வைணவ நெறியைப் பின்பற்றிய பன்னிரு ஆழ்வார்களுள் ஒரே பெண் ஆவார். இவரது இயற்பெயர் கோதை. சூடிக்கொடுத்த சுடர்க்கொடி, நாச்சியார் ஆகிய பெயர்களாலும் அழைக்கப்படுகின்றார். விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள திருவில்லிபுத்தூர் இவரது ஊராகும்.

வாழ்க்கை

ஆண்டாளின் வாழ்க்கை வைணவ குருபரம்பரை நூல்கள் வழியாகவே அறியப்படுகின்றது. வடபத்திரசாயி கோயிலுக்கு மாலை கட்டும் தொண்டு புரிந்த பெரியாழ்வார், தம் நந்தவனத்தில் துளசிச் செடியின் கீழ் ஆடி மாதப் பூர நாளில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்து, கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார்.

இறைவனுக்கெனக் கட்டிய மாலையைக் கோதை நாள்தோறும் தான் அணிந்து அழகு பார்த்த பின்னரே கோயிலுக்கு அனுப்பினார். இதனை அறிந்த பெரியாழ்வார் மகளைக் கடிந்து, அன்று புதுமாலை கட்டிச் சாத்தினார். கோதை சூடிய மாலையே தமக்கு உகந்தது என இறைவன் கனவில் உணர்த்தியதாகக் கூறுவர். மானிடரை மணக்க மறுத்த கோதை, மணக்கோலத்தில் திருவரங்கம் சென்று அரங்கனுடன் கலந்தார் என்பது மரபு.

படைப்புகள்

ஆண்டாள் இயற்றியவை திருப்பாவை (30 பாடல்கள்), நாச்சியார் திருமொழி (143 பாடல்கள்) என்பன. இவை நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன. திருப்பாவை மார்கழி நோன்பைப் பாடுவது. நாச்சியார் திருமொழி, திருமாலை மணாளனாக அடைய விழையும் பெண்ணின் ஏக்கத்தை 14 திருமொழிகளில் கூறுகின்றது. ஆறாம் திருமொழியில் வரும் திருமணக் கனவு, வைணவத் திருமணங்களில் இன்றும் ஓதப்படுகின்றது.

பாடல்களில் மலர்கள்

நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம், பத்தாம் திருமொழிகளில் ஆண்டாள் மலர்களை நேரில் விளித்துப் பேசுகின்றார். காயாவும் கருவிளையும் திருமாலின் நிறத்தைக் காட்டுகின்றன. முல்லை அவரது முறுவலை நினைவூட்டுகின்றது. செந்நிறத் தோன்றிப் பூ சக்கரப்படையின் சுடரைப் போல் எரிகின்றது. இம்மலர்கள் ஆறுதல் தராமல் பிரிவுத் துயரை மிகுவிக்கின்றன.

சங்க இலக்கியத்தில் காயா, முல்லை, தோன்றி ஆகியன மாயோனைத் தெய்வமாகக் கொண்ட முல்லை நிலத்துக் கார்காலப் பூக்கள். தலைவன் திரும்பி வரும் பருவத்தை அவை அறிவிக்கும். தலைவன் வாராத நிலையில் அவையே தலைவியை வருத்தும். ஆண்டாள் இம்மரபைத் தம் பக்திப் பாடலுக்கு உரியதாக்கினார்.

காலம்

திருப்பாவையின் 13 ஆம் பாடலில், வெள்ளி தோன்ற வியாழன் மறைந்ததாக ஒரு குறிப்பு உள்ளது. இதனைக் கொண்டு மு. இராகவையங்கார் அப்பாடலின் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு எனக் கொள்வோரும் உளர். ஆண்டாள் என்பவர் பெரியாழ்வாரின் கற்பனைப் படைப்பு என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டதுண்டு. எனினும் பதிகங்களின் இறுதிப் பாடல்கள் கோதையின் பெயரையும் தந்தையின் பெயரையும் ஊரையும் குறிப்பிடுகின்றன.

பிற்காலச் செல்வாக்கு

திருப்பாவையில் ஈடுபட்ட இராமானுசர் திருப்பாவை சீயர் என அழைக்கப்பட்டார். பெரியவாச்சான் பிள்ளை இரு நூல்களுக்கும் உரை எழுதினார். 16 ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் காவியமாக இயற்றினார். சூடிக் களைந்த மாலையை அளித்தவள் என்பது அப்பெயரின் பொருளாகும்.

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. ஆண்டாள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் அனுப்பப்படுகின்றது. அவர் கண்டெடுக்கப்பட்டதாகக் கருதப்படும் நந்தவனம் கோயில் வளாகத்தில் இன்றும் உள்ளது.