சொந்த ஊரையே ஆய்வு பண்ணச் சொன்ன பேராசிரியர்: யார் இந்த கில்பர்ட் ஸ்லேட்டர்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு புராஜெக்ட் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. கம்பெனி பஸ்ஸில் யார் யாரோடு உட்காருகிறார்கள், வாடகை வீடு கேட்டுப் போனால் சாதி கேட்கிறார்களா, வடமாநிலத் தொழிலாளர்கள் ஊரோடு எவ்வளவு ஒட்டுகிறார்கள் என்று கேள்விகள் நீள்கின்றன. கையில் கேள்வித்தாளோடு மாணவர்கள் தெருவில் இறங்கும் இந்த வேலை, தமிழ்நாட்டில் 100 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதை ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

யார் இவர்?

1864-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். லண்டனில் ஆயுதத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த வூல்விச் பகுதிக்கு 1905-ல் மேயர் ஆனார். ஊர்ப் பொது நிலங்கள் வேலி போட்டுத் தனியார் கைக்குப் போனபோது இங்கிலாந்து விவசாயிகள் என்ன ஆனார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. அது 1907-ல் புத்தகமாக வந்தது. 1909-ல், தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். மாணவர்கள் ஸ்டிரைக் செய்து ஓய்ந்திருந்த நேரம் அது.

மெட்ராஸில் என்ன செய்தார்?

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து இந்தியாவைப் புரிய வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அதனால் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவில் அவரவர் ஊருக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தச் சாதியில் எத்தனை குடும்பம், யார் ஊரை விட்டுப் போனார்கள் என்றெல்லாம் விசாரித்து எழுதணும்.

அந்தக் கட்டுரைகள் 1918-ல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து பாலக்குறிச்சி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம் ஆகியவை அதில் உண்டு. நமக்குப் பக்கத்து ஊர் ஒன்றும் இருக்கிறது: காஞ்சிபுரத்தில் பாலாற்றைத் தாண்டி செய்யாறு பக்கம் போனால் வரும் தூசி. மாமண்டூர் ஏரியோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே தூசிதான். இன்று அந்த வட்டாரத்திலும் சிப்காட் வந்துவிட்டது.

சிக்கல் எங்கே?

சொந்த ஊர்க்காரர் கேட்டால் ஜனங்கள் தயங்காமல் பேசுவார்கள் என்பது இந்த முறையின் பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அன்று பல்கலைக்கழகம் வரை போனவர்களில் பெரும்பாலோர் மேல்சாதி, நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். இருவேல்பட்டைப் பற்றி எழுதியவரே ஊரின் பெரிய நிலக்கிழார் குடும்பத்துக்காரர். தன் வீட்டு வயலில் வேலை செய்பவரிடம் போய் உங்களுக்குக் கூலி போதுமா என்று முதலாளி வீட்டுப் பையன் கேட்டால், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? சேரியில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் வந்தார்கள். கேள்வி கேட்கும் இடத்துக்கு வரவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

ஸ்லேட்டர் 1921-ல் பேராசிரியர் பதவியை விட்டார். கொஞ்ச காலம் மெட்ராஸ் அரசின் விளம்பர அதிகாரியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். இந்தியப் பண்பாட்டில் திராவிடர் பங்கைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1924-ல் வந்தது. 1938-ல் காலமானார்.

அவர் போட்ட விதை மட்டும் நிற்கவில்லை. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் உள்ளிட்டோர் தூசிக்கும் இருவேல்பட்டுக்கும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டை மீண்டும் பார்த்தார்கள். நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. வறுமை முழுசா போகாவிட்டாலும், தலித் மக்கள் அவர்களை நம்பியிருக்க வேண்டிய நிலை பெரிதும் குறைந்திருந்தது. விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1916-ல் யாரோ ஒரு மாணவர் கணக்கு எழுதி வைக்காமல் போயிருந்தால், இந்த மாற்றத்தை எதோடு ஒப்பிட்டு அளப்பது?

இப்போ ஏன் இது முக்கியம்?

இன்று கேள்வித்தாளோடு போகும் மாணவர்களில், அப்பாவோ அம்மாவோ கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருப்பவர்களும் உண்டு. ஸ்லேட்டர் காலத்தில் பதில் மட்டும் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கேள்வி கேட்கிறார்கள். மார்க்குக்காக எழுதும் புராஜெக்ட்தானே என்று யாரும் அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். தேதி, கூலி, வாடகை எல்லாவற்றையும் சரியாகக் குறித்து வைத்தால் போதும். 2050-ல் ஒரகடத்துக்கு என்ன ஆச்சு என்று தேடுபவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த நோட்டுதான்.