மாயூரம் வேதநாயகர்: நீதியும் ஈரமும்

தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்னும் ஒற்றைத் தொடருக்குள் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை அடக்கிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. என் மாணவியரும் தேர்வுத்தாளில் 'பிரதாப முதலியார் சரித்திரம், 1879' என்றெழுதி அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அப்படிக் கற்பித்ததில் எனக்கும் பங்குண்டு. அந்நாவலை எழுதிய கை, அதற்குமுன் பல்லாண்டுகள் தீர்ப்பெழுதிய கை என்பதை நாம் நினைப்பதில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பணியாற்றினார். வழக்குமன்றத்தை அண்டியவர் பலரும் கைக்கூலியை இயல்பென்று கொண்டிருந்த காலம் அது. அந்த நாற்காலியில் இருந்துகொண்டே 1859இல் அவர் வெளியிட்ட 'நீதிநூல்', கைக்கூலி வாங்குவோரைக் கூசாமல் சாடுகிறது. அறநூல் பாடுவது புலவர்க்கு எளிது. பாடியதைத் தம் சக அலுவலர் நாளும் படித்துப் பார்க்கக்கூடிய இடத்தில் அமர்ந்திருப்பது எளிதன்று.

உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என நூலாக்கினார். இதனை மொழித்தொண்டு என்று மட்டும் பாராட்டுவோர் உளர். எனக்கு அது இரக்கத்தின் செயலாகவே தோன்றுகிறது. தன் நிலத்தைப் பற்றி அயல்மொழியில் வாதாடுவதைக் கேட்டு, வென்றோமா தோற்றோமா என்பதுகூட விளங்காமல் நிற்கும் குடியானவனை அவர் அன்றாடம் கண்டவர். தமிழ்நாட்டு வழக்குகள் தமிழிலேயே நடைபெறவேண்டும் என்று பின்னாளில் தம் நாவலிலும் வாதாடினார். பெண்கல்விக்காகவும் ஓயாது எழுதினார்.

1872இல் பணியிலிருந்து விலகினார். நான்காண்டு கழித்துத் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம் அது. பதவியும் சம்பளமும் இல்லாத அந்நாளில் தம் பொருளை அவர் எடுத்துக் கொடுத்தார். பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். மழையும் சோறும் வேண்டி இறைவனிடம் இறைஞ்சும் கீர்த்தனைகளையும் இயற்றினார். பாட்டு மட்டும் எஞ்சியிருந்தால் நாம் அதனை வேறுவிதமாகப் படித்திருப்போம்.

1878இல் வெளிவந்த அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எச்சமயத்தாரும் பாடத்தக்கது. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய பக்தர் அவர். தம் சமயத்தில் ஊன்றி நின்றவர்க்கு இந்நூல் எவ்வாறு இயன்றது என்று ஒருமுறை என்னைக் கேட்டனர். ஊன்றி நின்றமையாலேயே இயன்றது என்பது என் துணிபு. பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்தவரின் நெற்றியைப் பார்த்தா அவர் வார்த்தார்?

அக்கம்பக்கத்தாரும் அவரை அவ்வாறே கொண்டனர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருடைய நண்பர். அச்சைவத் துறவியை இக்கிறித்தவர் பாடியிருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ நண்பர்மேல் 'குளத்தூர்க் கோவை' இயற்றினார். நந்தனாரைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார், பஞ்சகாலத்து அவ்வள்ளன்மையைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். சிவனடியாரைப் பாடிய அதே வாய்!

1889ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வேதநாயகர் மறைந்தார். மாயூரம் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. அவர் பெயருக்கு முன்னால் மட்டும் அவ்வூர் இன்றும் பழைய பெயரோடே நிற்கிறது.