தங்க முகபடாம் தந்த ரயில்

குட்டீஸ், நம் திருக்கோவிலூரில் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலைத் தாத்தாவிடம் கேளுங்கள். அகலப்பாதை வந்ததும் அது போய்விட்டது.

கொச்சியிலும் அப்படித்தான். 1852ல் பிறந்த ராஜரிஷி ராமவர்மா, 1895ல் அங்கே மன்னரானார். ஷொர்ணூர் - எர்ணாகுளம் ரயில் விட ஆசைப்பட்டார். கஜானாவில் பணம் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? திருப்பூணித்துறை கோயில் யானைகளின் தங்க முகபடாம்கள் 14ஐ விற்றார்! கோயில் நகையில் கைவைப்பது லேசான காரியமா? 1902ல் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது.

அவர் ஆட்சியிலேயே, 1907ல், பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொண்டுவர 80 கி.மீ. டிராம் பாதையும் வந்தது. மலைச்சரிவில் மரம் ஏற்றிய பெட்டிகள் இறங்க இறங்க, கம்பியில் கட்டிய காலிப் பெட்டிகள் மேலே ஏறும்!

1914ல் மன்னர் தாமாகவே பதவி விலகினார், 1932ல் மறைந்தார். டிராமை 1963ல் மூடிவிட்டார்கள். அது ஓடியதைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பார்க்க முடியும்.