எல்.கே.ஜி-யில் இருக்கும் 'கே.ஜி' எங்கிருந்து வந்தது? கிண்டர்கார்டனை உருவாக்கிய ஃப்ரோபெலின் கதை

எல்.கே.ஜி., யு.கே.ஜி. – பிள்ளைக்கு மூன்று வயது ஆனாலே வீட்டில் அடிபடும் சொற்கள் இவை. இதில் வரும் 'கே.ஜி' என்பது கிண்டர்கார்டன். ஜெர்மன் மொழியில் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள். இந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல். அவர் சும்மா பெயருக்குத் தோட்டம் என்று சொல்லவில்லை, அங்கே நிஜமாகவே தோட்டம் இருந்தது. ஆனால், அந்தப் பள்ளிகளை மூடச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. தடை நீங்குவதைப் பார்க்காமலேயே அவர் இறந்துபோனார். என்ன நடந்தது?

தாயில்லாப் பிள்ளைக்குத் துணையான காடு

1782 ஏப்ரல் 21-ம் தேதி, ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள ஒபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார் ஃப்ரோபெல். ஒரு வயது நிறைவதற்குள் அம்மா இறந்துவிட்டார். அப்பா பாதிரியார். சபை வேலைகளுக்கே அவருக்கு நேரம் போதவில்லை. மறுமணம் செய்து வந்த சித்தியோ, தனக்கென்று குழந்தை பிறந்ததும் சிறுவனை ஒதுக்கிவிட்டார். வீட்டுத் தோட்டமும் செடிகொடிகளும்தான் அவனுக்குத் துணை. 10 வயதில் தாய்மாமா தன் வீட்டுக்கு அழைத்துப் போன பிறகுதான், சக பிள்ளைகளோடு ஓடியாடி விளையாடக் கிடைத்தது.

15 வயதில், காடு பராமரிக்கும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். சொல்லிக்கொடுப்பது அங்கே குறைவுதான். ஆனால் மரங்களையும் செடிகளையும் தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

ஆசிரியர் ஆனது எப்படி?

அதன் பிறகு பல வேலைகள் மாறினார். 1805-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஆசிரியர் ஆனார். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலோசியின் பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கிக் கற்றார். 1813-ல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். 1816-ல் அண்ணன் பிள்ளைகள் உட்பட ஐந்து பேரை வைத்து சொந்தமாகப் பள்ளி தொடங்கினார்.

பள்ளி நடத்தும்போதுதான் ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. பள்ளிக்கு வருவதற்கு முந்தைய வயதுதான் முக்கியமானது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதே அது. வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் அப்போதே இருந்தன. பெரும்பாலும் அங்கே பிள்ளைகளைப் பத்திரமாக உட்கார வைப்பதோடு சரி.

என்ன செய்தார் ஃப்ரோபெல்?

1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1840-ல் அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். பாடப்புத்தகம் இல்லை. கம்பளி நூல் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரக் கட்டை ஆகியவைதான் பாடம். எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் கட்டையை வைத்து குழந்தை நாற்காலி செய்யும், சுவர் கட்டும். அப்படியே பாதி, கால் என்ற கணக்கும் கைக்கு வந்துவிடும்.

வெளியே ஒவ்வொரு குழந்தைக்கும் சின்னதாக ஒரு பாத்தி. தன் பாத்தியில் விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, முளைக்கும்வரை காத்திருப்பது எல்லாம் குழந்தையின் பொறுப்பு. எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளப் பொதுவான பாத்திகளும் உண்டு. தனக்கானது எது, பொதுவானது எது என்பதைக் குழந்தை மண்ணிலேயே தெரிந்துகொண்டது.

தடை ஏன் வந்தது?

1848 புரட்சி தோற்ற பிறகு, புதிய சிந்தனை எதுவானாலும் சந்தேகத்தோடு பார்த்தது பிரஷ்யா அரசு. 1851 ஆகஸ்ட் மாதம், நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் வளர்ப்பதாகச் சொல்லி கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. அவருடைய உறவினரான கார்ல் ஃப்ரோபெல் எழுதிய நூலை, இவருடைய கருத்துகளோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். இத்தனைக்கும் இவர் கடவுள் நம்பிக்கை மிகுந்தவர். தவறை விளக்கியும் அரசு இறங்கி வரவில்லை. 1852 ஜூன் 21-ம் தேதி, 70 வயதில் ஃப்ரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-ல்தான்.

அதன் பிறகு என்ன ஆனது?

அவருடைய முறையைக் கற்ற பெண்கள் அதை நாடு நாடாகக் கொண்டு போனார்கள். 1856-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரெத் ஷுர்ஸ் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார். ஷ்வைனா ஊரில் உள்ள ஃப்ரோபெலின் கல்லறைக்கு மேல், கனசதுரம், உருளை, உருண்டை ஆகிய மூன்றும் அடுக்கிய வடிவில் நினைவுக்கல் நிற்கிறது.

முழு நேரமும் காட்டிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகள் ஃப்ரோபெல் தொடங்கியவை அல்ல. அவை 1950-களில் டென்மார்க்கில் தொடங்கின. ஜெர்மனியில் ஃபிளென்ஸ்பர்க் நகரில் 1993-ல் அப்படி ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் கிடைத்தது. அங்கே குச்சி, சேறு, பைன் காய் எல்லாமே விளையாட்டுப் பொருள்தான். ஆனால், விளையாட்டே குழந்தையின் படிப்பு என்ற அந்த அடிப்படை ஃப்ரோபெல் போட்டது.

அடுத்த முறை எல்.கே.ஜி. அட்மிஷனுக்குப் போகும்போது, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதோடு, பிள்ளை மண்ணில் விளையாட இடம் இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.