சாலிம் அலியும் ஓடுபாதைப் பறவைகளும்

நுழையும்முன்

பறவையைக் கண்டே மனிதன் பறக்க விரும்பினான். பறக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பறவையோடு மோதவும் தொடங்கினான். பறவைகளுக்காகவே வாழ்ந்த ஓர் அறிஞரிடம், வானூர்திகளைப் பறவைகளிடமிருந்து காக்கும் வழியைக் கேட்டபோது அவர் செய்தது என்ன? சாலிம் அலியின் வாழ்வில் அதிகம் பேசப்படாத அப்பணியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரைவெட்டியின் விருந்தினர்

கீழப்பழுவூர், திருமழபாடி ஆகிய ஊர்களை அடுத்து, ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது கரைவெட்டி ஏரி. மேட்டூரில் தேங்கும் காவிரி நீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து இதனை நிரப்புகிறது. பறவையைக் குறிக்கும் 'புள்' என்னும் பழஞ்சொல் அவ்வாய்க்காலின் பெயரில் ஒலிப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் இவ்வேரியைக் காண்போருக்கு அது பொருத்தமாகவே தோன்றும். நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து எனப் பலவகைப் புள்ளினங்கள் அப்போது நீர்ப்பரப்பை நிறைக்கின்றன.

அவற்றுள் வரித்தலை வாத்து தனிச் சிறப்புடையது. மங்கோலியா, திபெத் முதலிய இடங்களின் ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து தெற்கே வருகிறது. மலையைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இது பறந்ததைப் பதிவு செய்துள்ளனர். காற்று மெலிந்த அவ்வுயரம் வானூர்திகள் இயங்கும் உயரமுமாகும். கரைவெட்டியிலிருந்து மேற்கே சென்றால் திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையம். ஏரியில் இறங்கும் பறவையும் ஓடுபாதையில் இறங்கும் ஊர்தியும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கீட்டை இந்தியாவில் அறிவியல் முறையில் ஆராய முற்பட்டவர்களுள் முதன்மையானவர் சாலிம் அலி.

பெயர் தெரியாத சிட்டு

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். மாமன் வேட்டைப் பிரியர்; மருமகனின் கையிலும் சிறுவர்க்குரிய காற்றுத் துப்பாக்கி ஒன்று வந்து சேர்ந்தது. பத்து வயதைக் கடந்த பருவத்தில் ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. அது வீட்டுக் கூரையில் வாழும் ஊர்க்குருவி அன்று. என்ன பறவை என்று மாமனுக்கும் தெரியவில்லை.

இறந்த சிட்டுடன் சிறுவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். கழகச் செயலாளர் மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டு சொன்னதோடு நில்லாமல், பதப்படுத்தப்பட்ட பறவைத் தோல்கள் அடுக்கப்பட்டிருந்த பேழைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கையிலிருக்கும் இறகை அருகில் வைத்து ஒப்பிட்டால் பறவையின் பெயர் தெரிந்துவிடும் என்பதைச் சிறுவர் அன்று கற்றுக்கொண்டார். அப்பாடம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வகையில் பயன்பட இருந்தது.

இளமையில் பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். கணக்கேட்டைவிடக் காடே அவரை ஈர்த்தது. திரும்பி வந்து தூய சேவியர் கல்லூரியில் விலங்கியல் பயின்றார். 1918இல் தெஹ்மினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் பறவையியல் அறிஞர்க்குரிய அரசுப் பணி கைகூடவில்லை. பின்னர் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. விடுப்பெடுத்து பெர்லினுக்குச் சென்று, எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது நிதிப் பற்றாக்குறையால் அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற அந்நாள்களே அவரை அறிவியலாளராக்கின எனலாம். கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கி, தூக்கணாங்குருவிகளைப் பல மாதங்கள் உற்றுநோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து நிறுத்துகிறது. பெண்குருவி வந்து பார்த்து, பிடித்திருந்தால் மட்டுமே குடியேறுகிறது. அதன்பின் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையை எதிர்நோக்குகிறது. பனையில் தொங்கும் கூடுகளைப் பார்த்தே வளரும் நம் ஊர்ப் பிள்ளைகள் வியக்கத்தக்க இச்செய்தியை, பொறுமையாகக் காத்திருந்து கண்டெழுதியவர் அவர். ஒரு பறவை ஓரிடத்திற்கு ஏன் வருகிறது என்னும் கேள்வியைத் தவிர அவரிடம் அப்போது வேறு முதலீடு எதுவும் இல்லை.

அடுத்து ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமத்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புகளை மேற்கொண்டார். 1939இல் தெஹ்மினா மறைந்தார். கணவரின் முகாம் வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டிருந்த அவரின் இழப்பு சாலிம் அலியைப் பெரிதும் வாட்டியது. 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவர்தம் நூல், படித்தவர் வீடுகளில் பறவை நோக்கும் பழக்கத்தை விதைத்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியானது. இடையில், வலசைப் பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையம் இட்டு அவற்றின் வழித்தடங்களை அறியும் பெரும்பணியையும் நடத்தினார். நம் கோடியக்கரை அப்பணியின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக விளங்கியது. எந்தப் பறவை எந்த மாதத்தில் எவ்வழியே வரும் என்பது வானூர்திக்கும் தேவையான செய்தி என்று அக்காலத்தில் எண்ணியோர் மிகச் சிலரே.

இறகைத் தேடி வந்த கேள்வி

வானூர்தியுடன் பறவை மோதுவது புதிய இடர் அன்று. 1912ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடந்த புகழுடைய கால் ராட்ஜர்ஸ், கடற்காகம் ஒன்று மோதியதால் உயிரிழந்தார். 1960இல் பாஸ்டன் நகரில், உள்ளங்கையில் அடங்கும் மைனா இனப் பறவைகளின் கூட்டம் ஒரு வானூர்தியின் பொறிகளுக்குள் புகுந்ததில் 62 பேர் மாண்டனர். தாரைப் பொறிகள் பெருகியதும் இடர் வளர்ந்தது. காற்றை உள்ளிழுக்கும் பொறி, காற்றோடு பறவையையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. சுழலும் தகடுகள் உடைகின்றன. ஒற்றைப் பொறி கொண்ட போர் வானூர்தி தாழப் பறக்கையில் இவ்வாறு நேர்ந்தால், வலவர் குடையின் துணையுடன் வெளியேறுவதற்குச் சில நொடிகளே கிடைக்கும்.

தெரிந்து தெளிவோம்
இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் பெருகும். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் செல்லும் வானூர்தியின் மீது 2 கிலோ பறவை மோதுவது, அரியலூரில் ஏற்றப்படும் 50 கிலோ சிமெண்டு மூட்டை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். வேகம் இருமடங்கானால் அதே மூட்டை 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

1980களின் தொடக்கத்தில், பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்த வானூர்தியியல் ஆராய்ச்சி மேம்பாட்டு வாரியத்தின் துணையுடன், இந்திய வானூர்தி நிலையங்களின் பறவை இடர் குறித்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மேற்கொண்டது. அதனை ராபர்ட் கிரப் என்னும் அறிவியலாளருடன் சேர்ந்து வழிநடத்தியபோது சாலிம் அலிக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

மோதியது எது என்று அறிவதே முதல் வேலை. வலவருக்குத் தெரிவது ஒரு நிழல் மட்டுமே. பொறியில் எஞ்சுவது ஓர் இறகுத் துணுக்கும் சிறிது குருதியுமே. அத்துணுக்கைப் பேழைகளில் உள்ள பறவைத் தோல்களோடு ஒப்பிட்டு இனங்காண வேண்டும். மஞ்சள் தொண்டைச் சிட்டுக்கு மில்லார்டு செய்த அதே வேலைதான். சாலிம் அலியும் அவர்தம் தலைமுறையினரும் ஒரு காலத்தில் துப்பாக்கியால் சேகரித்த அப்பறவைத் தோல்கள் இல்லையேல், இவ்வாய்வு பெயர் தெரியாத இறகுகளோடு நின்றிருக்கும். உயிர்களைச் சுட்டுச் சேகரித்ததைக் குறை கூறுவோர் இதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இறகுகள் சுட்டிய பெயர்களுள் பாறுக் கழுகும் பருந்தும் முன்னின்றன. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள பாறு, நிலம் சூடேறிய முற்பகலில் மேலெழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்கிறது. அது வானூர்தி நிலையத்தை நாடி வரவில்லை. நிலையத்தின் மதிலுக்கு வெளியே திறந்தவெளியில் இயங்கிய இறைச்சிக்கூடங்களும், செத்த மாடுகளை எறியும் திடல்களும், நகரக் குப்பை மேடுகளுமே அதனை அழைத்தன. ஓடுபாதையின் ஓரத்திலோ வேறு விருந்து காத்திருந்தது. மழைக்குப் பின் புல்வெளியில் பெருகும் வெட்டுக்கிளியும் மண்புழுவும் உண்ணிக்கொக்கையும் மைனாவையும் ஆட்காட்டியையும் ஈர்த்தன. எலி பெருகினால் பருந்து வந்தது.

சுடுவதால் இச்சிக்கல் தீராது. ஒன்றைச் சுட்டால் உணவு இருக்கும்வரை இன்னொன்று அவ்விடத்திற்கு வரும். வெடியோசையும் ஒளிரும் நாடாக்களும் சில நாள் பயன்தரும். பின்னர் பறவை பழகிக்கொள்ளும். நிலையான வழி, பறவை வரும் காரணத்தை நீக்குவதே. கழிவை மூடிய இடத்தில் கையாளுதல், தேங்கும் நீரை வடித்தல், புல்லின் உயரத்தைப் பருவத்திற்கேற்பப் பேணுதல், பூச்சிப் பெருக்கத்தைக் குறைத்தல், பாறுகள் மிகுதியாக வட்டமிடும் வேளைகளில் எச்சரிக்கையோடு பறத்தல் ஆகியன அவ்வழியில் அடங்கும். வானூர்தி நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ. ஆரத்திற்குள் விலங்குகளை வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் தடைசெய்யும் விதி, 1937ஆம் ஆண்டின் இந்திய வானூர்தி விதிகளில் 91ஆம் எண்ணில் இடம்பெற்றது. விதியைக் காப்பது நிலைய அலுவலர்களின் கையில் மட்டும் இல்லை. மதிலுக்கு அப்பாலுள்ள நகராட்சியும் ஊராட்சியும் கடைக்காரரும் ஒத்துழைத்தாலன்றி அது ஏட்டளவிலேயே நின்றுவிடும். கிஹிமில் கேட்ட கேள்வியே இங்கும் கேட்கப்பட்டது. அன்று வேலையற்ற இளைஞர் கேட்டதை, இன்று வான்படைக்கும் பயன்படும் வகையில் முதியவர் கேட்டார்.

1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற சாலிம் அலி, 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வாண்டில் வெளிவந்த தன்வரலாற்று நூலின் தலைப்பில், தம் வாழ்வின் திசையை மாற்றிய அச்சிட்டின் வீழ்ச்சியையே நினைவுகூர்ந்தார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல் மையம் 1990இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டது.

அவருக்குப் பின்

அவர் மறைந்த சில ஆண்டுகளில் எவரும் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1990களில் பாறுகள் பெருமளவில் மடிந்தன. அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006இல் தடைசெய்யப்படுவதற்குள், ஒரு காலத்தில் வானூர்திகளுக்கு முதன்மை இடராகக் கணக்கிடப்பட்ட அப்பறவை அருகிப் போயிற்று. ஆயினும் திறந்தவெளிக் கழிவு குறையவில்லை. அதனை நாடி நாயும் பருந்தும் காகமும் வந்தன.

2009ஆம் ஆண்டு சனவரியில், நியூயார்க்கிலிருந்து எழுந்த வானூர்தி ஒன்று கனடா வாத்துக் கூட்டத்தோடு மோதி இரு பொறிகளையும் இழந்து ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அதிலிருந்த 155 பேரும் உயிர்தப்பினர். கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்துக்கு அது நெருங்கிய உறவு.

கரைவெட்டி 1999இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அரியலூர் தனி மாவட்டமான பின் அதன் எல்லைக்குள் வந்தது. 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரியில் நீரும் கரையில் அமைதியும் உள்ளவரை வாத்துகளுக்கு ஓடுபாதைப் புல்வெளி தேவைப்படுவதில்லை. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அவை கூட்டங்கூட்டமாக எழுந்து, ஏரியை வலம்வந்து, வடக்கு நோக்கித் திரும்புகின்றன.